பத்து வரை எண்ணிய நிருபர்

நற்பிட்டிமுனைச் சபையின் முன் இன்று வைக்கப்படும் பொருள், பத்திரிகை நிருபர்களின் துப்பறியும் வேலையைச் சொன்ன அரசியல் திரில்லர் படங்கள். அந்த வரிசையில் முதலில் நிற்பது 1976 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1986 இல், இந்தியாவில் வெளிவந்தது ‘நியூ டெல்லி டைம்ஸ்’. முதலாவது படத்தைப் பார்த்தவர்கள் கேட்க மறந்த கேள்வியை இரண்டாவது படம் கேட்டது.

இரண்டு படங்களும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வருகின்றன. அந்தச் சொல் ‘ஓம்’. நிருபர் ஒருவர் கேட்கிறார்; மறுமுனையில் இருப்பவர் ‘ஓம்’ என்கிறார். எந்தக் கேள்விக்கு வந்த ஓம் அது? சொன்னவர் யார்? ஏன் சொன்னார்? இந்த மூன்றையும் தேடி அலைவதுதான் புலனாய்வுப் பத்திரிகைத் தொழில். இந்த மூன்றையும் தேடாமல் அச்சுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதைக் கல்முனைக் கரையோர மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் முறையாக, படத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

1972 ஜூன் 17, அதிகாலை. வொஷிங்டன் நகரில் வோட்டர்கேட் என்றொரு கட்டடம். அங்கே ஜனநாயகக் கட்சியின் தலைமைச் செயலகம் இருந்தது. இரவுக் காவலர் பிராங்க் வில்ஸ், கதவொன்றின் தாழ்ப்பாள் விழாதபடி யாரோ டேப் ஒட்டியிருப்பதைக் கண்டார். பிடுங்கி எறிந்தார். திரும்பச் சுற்றி வந்தபோது அதே இடத்தில் மறுபடியும் டேப். அவர் பொலிஸை அழைத்தார். உள்ளே ஐந்து பேர் பிடிபட்டார்கள். படத்தில் அந்தக் காவலராக வருபவர் நடிகர் அல்லர். அதே பிராங்க் வில்ஸ்தான். உலகத்தின் பெரிய அதிகாரம் ஒன்றைச் சாய்த்த கதை, தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு காவலாளியின் கையில் தொடங்கியது. இதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

ஐவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்கள். தொழில் என்னவென்று நீதிபதி கேட்கிறார். அவர்களில் ஒருவர், மக்கோர்ட், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில் தான் முன்னர் சி.ஐ.ஏ.யில் இருந்ததாகச் சொல்கிறார். பின்வரிசையில் குந்தியிருந்த இளம் நிருபர் பொப் வூட்வர்ட் முன்னே சாய்ந்து காதைக் கொடுக்கிறார். வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் அவர் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரோடு சேர்ந்துகொண்டவர் கார்ல் பேர்ன்ஸ்டைன். இருவருக்கும் வயது முப்பதைத் தொடவில்லை. வூட்வர்டாக றொபேர்ட் றெட்போர்டும் பேர்ன்ஸ்டைனாக டஸ்டின் ஹொஃப்மனும் நடித்தார்கள். இயக்கியவர் அலன் பக்குலா. திரைக்கதை வில்லியம் கோல்ட்மன்.

படத்தின் முதற்காட்சியில் மனிதர் எவரும் இல்லை. திரை முழுவதும் வெள்ளைத் தாள். சற்று நேரம் ஒன்றும் நடப்பதில்லை. திடீரெனத் தட்டச்சு இயந்திரத்தின் ஓர் எழுத்து வந்து அறைகிறது. துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். ஓர் எழுத்து, ஒரு வெடி. அடுத்த எழுத்து, அடுத்த வெடி. இந்தப் படத்தில் ஆயுதம் எதுவென்று பக்குலா அந்த ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார். இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அடிதடி இல்லை, கார் துரத்தல் இல்லை. இருப்பதெல்லாம் தொலைபேசி, குறிப்புப் புத்தகம், கதவு தட்டல், காத்திருத்தல். அப்படியிருந்தும் பார்ப்பவர் நெஞ்சு படபடக்கிறது. எதனால்?

ஒரு தொலைபேசிக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பிடிபட்டவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்கில் 25,000 டொலர் காசோலை ஒன்று விழுந்திருக்கிறது. காசோலையில் உள்ள பெயர் கென்னத் டால்பேர்க். வூட்வர்ட் அவரைத் தேடிப்பிடித்துப் பேசுகிறார். ஏறத்தாழ ஆறு நிமிடம் கமரா வெட்டப்படவே இல்லை. தூரத்தில் தொடங்கி, அங்குலம் அங்குலமாக அவர் முகத்தை நோக்கி நகர்கிறது. காதில் தொலைபேசி, கையில் பேனா, தாளில் கிறுக்கல். மறுமுனைக்காரர் தயங்குகிறார், மழுப்புகிறார், பிறகு வாய்தவறுகிறது: அந்தப் பணத்தைத் தேர்தல் நிதிப் பொறுப்பாளரிடம் கொடுத்ததாகச் சொல்லிவிடுகிறார். திருடர் கணக்கில் ஜனாதிபதி நிக்சனின் தேர்தல் பணம். அந்தக் காட்சியின் கடைசியில் றெட்போர்ட் எதிர்முனைக்காரரின் பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார். உடனே திருத்திக்கொண்டு தொடர்ந்தார். பக்குலா அதை அப்படியே விட்டுவிட்டார். பதற்றத்தில் இருக்கும் நிருபருக்கு நாக்குப் புரளத்தானே செய்யும்?

செய்தி அறையைக் கலிபோர்னியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். உண்மையான பத்திரிகைக் காரியாலயத்தின் குப்பைத்தொட்டிக் கடதாசிகளையும் வரவழைத்து அந்த மேசைகளில் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் அந்த அறைக்கு மாத்திரம் நிழலே இல்லாத வெளிச்சம் கொடுத்தார். அறைக்கு வெளியே உள்ள உலகம், வீதிகள், வீடுகள், வாகனத் தரிப்பிடம், எல்லாம் இருட்டு. காங்கிரஸ் நூலகக் காட்சியில் இருவரும் ஆயிரக்கணக்கான இரவல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். கமரா மேலே போகிறது, மேலே போகிறது, கூரையைத் தொடுகிறது; கீழே இரண்டு பேரும் எறும்பாகத் தெரிகிறார்கள். அத்தனை சீட்டையும் புரட்டி முடித்த பிறகு கிடைத்தது என்ன? ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலின் பெரும்பகுதி நேரம் இப்படி ஒன்றும் கிடைக்காத நேரம்தான்.

இனி, படத்தின் மையத்துக்கு வரவேண்டும்.

நிக்சனின் தேர்தல் பணத்திலிருந்த இரகசிய நிதியை ஆண்டவர்களில் ஜனாதிபதியின் வலக்கையான ஹோல்டமனும் ஒருவர் என்று இருவருக்கும் தெரியவருகிறது. நிதிப் பொருளாளராக இருந்த ஹியூ ஸ்லோன் அதை விசாரணைச் சபையில் சொல்லியிருக்கிறார் என்று எழுத வேண்டும். இன்னொருவர் உறுதிப்படுத்தினால் போதும். பேர்ன்ஸ்டைன் நீதித் திணைக்கள வழக்கறிஞர் ஒருவருக்கு அழைப்பெடுக்கிறார். அவரால் வாய்திறந்து பேச முடியாது. பேர்ன்ஸ்டைன் ஒரு வழி சொல்கிறார்: பத்து வரை எண்ணுவேன், செய்தி பிழையென்றால் பத்துக்கு முன் தொலைபேசியை வைத்துவிடுங்கள், வைக்காவிட்டால் சரியென்று எடுத்துக்கொள்வேன். எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுமுனையில் மௌனம். எட்டு, ஒன்பது, பத்து. தொலைபேசி வைக்கப்படவில்லை. மௌனம் ‘ஓம்’ ஆகிவிட்டது. செய்தி அச்சேறியது.

அடுத்த நாள் விடிந்ததும் இடி விழுந்தது. ஸ்லோன் அப்படிச் சொல்லவில்லை என்று அவருடைய வழக்கறிஞர் கமராக்களின் முன் மறுக்கிறார். வெள்ளை மாளிகை பத்திரிகையைக் குதறுகிறது. மறுமுனையில் மௌனமாக இருந்தவர், சொல்லிக்கொடுத்த முறையைத் தலைகீழாக விளங்கியிருந்தார். இது படத்துக்காகப் புனைந்த காட்சி அல்ல. 1972 ஒக்டோபர் 25 ஆம் திகதிச் செய்திக்கு உண்மையாகவே நேர்ந்த கதி. வேதனை என்னவென்றால், ஹோல்டமன் பற்றிய தகவல் உண்மை. ஸ்லோனுக்கு அது தெரியும். விசாரணைச் சபை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஆகவே அவர் சொல்லவில்லை. சாரம் சரி, சாட்சி பிழை. சாட்சி பிழைத்தால் சாரமும் சேர்ந்து நாறும் என்பதை அந்த ஒரு நாள் இருவருக்கும் கற்பித்தது.

இந்தத் தவறுக்குப் பிறகு படம் நீளுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிக்சன் இரண்டாம் தடவை பதவிப்பிரமாணம் செய்வது தொலைக்காட்சியில் ஓடுகிறது. பின்னால் இரண்டு பேரும் தலைநிமிராமல் தட்டச்சு செய்கிறார்கள். அதன் பின் தந்தி இயந்திரம் சில வரிகளை அடித்துத் தள்ளுகிறது. 1974 ஓகஸ்ட் 9 இல் நிக்சன் பதவி விலகியது அந்த வரிகளில் ஒன்று. வெற்றிக் கொண்டாட்டம் எதுவும் காட்டப்படவில்லை. கதாநாயகர்கள் விழுந்த இடத்தில் கதையை முடிக்கத் துணிந்தவர்கள் அந்தப் படக்காரர்கள். நான்கு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. பிரதம ஆசிரியர் பென் பிராட்லியாக நடித்த ஜேசன் ரொபார்ட்ஸ் பெற்றது அவற்றில் ஒன்று.

ஆனால் அந்தப் படம் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது. நள்ளிரவில், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், இருட்டுக்குள் நின்று வூட்வர்டுக்கு வழிகாட்டியவர் யார்? அதைவிட முக்கியம், அவர் ஏன் வழிகாட்டினார்?

யார் என்பதற்கு 2005 மே 31 இல் விடை வந்தது. அந்நாளில் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த மார்க் ஃபெல்ட் தானே என்று ஒப்புக்கொண்டார். ஏன் என்பது அவ்வளவு சுலபமில்லை. எஃப்.பி.ஐ.யை நெடுங்காலம் ஆண்ட ஹூவர் 1972 மே மாதம் இறந்தார். அந்தக் கதிரை தனக்கு வரும் என்று ஃபெல்ட் எதிர்பார்த்தார். நிக்சன் வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தினார். அடுத்த மாதமே வோட்டர்கேட். நேர்மைதான் அவரைப் பேச வைத்ததா, கதிரை கைநழுவிய கோபமா, தன் நிறுவனத்தைக் காப்பாற்றும் எண்ணமா? மூன்றும் கலந்திருக்கலாம். அதே ஃபெல்ட் பின்னர், வீடுகளுக்குள் அனுமதியின்றிப் புகுந்து தேடுதல் நடத்த உத்தரவிட்டதற்காக 1980 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1981 இல் ஜனாதிபதி ரீகனிடம் மன்னிப்புப் பெற்றவர். கதவுடைப்பை அம்பலப்படுத்தியவர் மேலேயே கதவுடைப்புக் குற்றம்! செய்தி உண்மையாக இருக்கலாம். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கையில் வேறொரு கணக்கு இருக்கலாம்.

அந்தக் கணக்கைத்தான் ‘நியூ டெல்லி டைம்ஸ்’ திறந்து பார்த்தது.

ரமேஷ் சர்மாவின் முதற் கதைப்படம் அது. திரைக்கதை எழுதியவர் குல்ஸார். ஒளிப்பதிவு செய்தவர், சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் படம்பிடித்த சுப்ரதா மித்ரா. ஆசிரியர் விகாஸ் பாண்டேயாக சசி கபூர், அவர் மனைவியாக ஷர்மிளா தாகூர், அரசியல்வாதி அஜய் சிங்காக ஓம் பூரி. டெல்லிப் பத்திரிகையின் ஆசிரியரான விகாஸின் சொந்த ஊர் உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர். அங்கே சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்படுகிறார். விகாஸ் தோண்டத் தொடங்குகிறார். நூல் அஜய் சிங்கை நோக்கிப் போகிறது. ஊரில் இனக்கலவரம் மூள்கிறது. அது தானாக மூண்டதல்ல, மூட்டப்பட்டது. மிரட்டல் வருகிறது. பத்திரிகை முதலாளி தரப்பிலிருந்தும் நெருக்குதல் வருகிறது. விகாஸ் பணியவில்லை. செய்தி வெளியாகிறது.

இந்த இடத்தில் அமெரிக்கப் படமாக இருந்தால் தந்தி இயந்திரம் அடிக்கத் தொடங்கியிருக்கும். இங்கே அப்படியில்லை. எதிரும் புதிருமாக நின்ற முதலமைச்சர் தரப்பும் அஜய் சிங்கும் சமரசமாகிவிடுகிறார்கள். ஒருவரை மற்றவர் மடக்குவதற்குக் கையில் கிடைத்த கயிறு எது? விகாஸ் எழுதிய செய்தி. அவர் பொய் எழுதவில்லை, காசு வாங்கவில்லை, பயந்து ஒதுங்கவும் இல்லை. இருந்தும் அடுத்தவர் ஆடிய தாயத்தில் காயாக நகர்த்தப்பட்டிருந்தார். அதை அவர் உணர்ந்துகொள்ளும் முகத்தோடு படம் முடிகிறது. அந்த முகத்துக்காகவே சசி கபூருக்குத் தேசிய விருது தகும். 33 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவர் சிறந்த நடிகர், மித்ரா சிறந்த ஒளிப்பதிவாளர், சர்மா சிறந்த அறிமுக இயக்குநர். இத்தனை விருது பெற்ற படத்தை ஒளிபரப்புவதாக இருந்த தூர்தர்ஷன், கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டது.

படம் வந்த அடுத்த வருடமே நிஜம் வந்தது. 1987 ஏப்ரல் 16 இல் சுவீடன் வானொலி, இந்தியாவின் போஃபர்ஸ் பீரங்கி வியாபாரத்தில் கமிஷன் கைமாறியதாகச் செய்தி சொன்னது. ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்பிரமணியம் ஆவணங்களைத் தேடினார். சென்னையின் ‘இந்து’ பத்திரிகை வெளியிட்டது. 1989 இல் அந்தப் பத்திரிகை தொடரை நடுவில் நிறுத்தியதும் அவர் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸுக்குக் கொண்டுபோனார். ஆவணங்களைக் கொடுத்தவர் சுவீடன் பொலிஸ் அதிகாரி ஸ்டென் லின்ட்ஸ்ட்ரொம் என்பது 2012 இல், அவரே சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. இருபது வருடத்துக்கும் மேல் அந்தப் பெயரை அந்தப் பெண் வாயிலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை.

அமெரிக்கா பார்த்தாயிற்று, இந்தியா பார்த்தாயிற்று. இனி இந்த மண்ணுக்கு வரலாம். படமாக்கப்படாத கதைகள் இங்கே கிடக்கின்றன.

2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரை, மாலை நேரம். ஐந்து தமிழ் மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்ததாக அதிகாரத் தரப்பு சொன்னது. ‘சுடர் ஒளி’ நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படமெடுத்தார். படங்களில் தெரிந்தது வெடிகுண்டுக் காயம் அல்ல. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். படங்கள் பத்திரிகையில் வந்தன. குண்டுவெடிப்புக் கதை அந்தப் படங்களின் முன் நிற்கவில்லை. இங்கே எண்ணிக் கேட்கத் தொலைபேசி இல்லை, ‘ஓம்’ சொல்ல அதிகாரியும் இல்லை. இறந்தவர்களின் காயமே ‘ஓம்’ சொன்னது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகும் வழியில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் எடுத்ததற்கும் அவர் கொல்லப்பட்டதற்கும் இடையில் மூன்று வாரம்.

வூட்வர்டுக்கும் பேர்ன்ஸ்டைனுக்கும் பின்னால் ஒரு பெரிய பத்திரிகையும் அதன் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். கிழக்கின் ஊர் நிருபருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? அச்சான செய்திக்கு மாத்திரம் கொடுப்பனவு. கமராவும் மோட்டார் சைக்கிளும் சொந்தச் செலவு. இரவில் நாய் குரைத்தால் வீட்டாருக்கு நித்திரையில்லை. இந்தக் கரையோரத்துப் பத்திரிகை வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, விளங்கிக்கொள்ளப்படாத ஓர் ‘ஓம்’.

2018 பெப்ரவரி 26 இரவு. இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அம்பாறை நகரம். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவரின் கறியில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. மலடாக்கும் மருந்தென்று கூச்சல். கூட்டம் சூழ்கிறது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் மட்டுமட்டு. நீதானே போட்டாய் என்ற பாணியில் கேள்வி விழுகிறது. பயத்தில், கேள்வி சரியாக விளங்காமல், ‘ஓம்’ என்ற கருத்தில் பதில் வருகிறது. ஒரு கைத்தொலைபேசி அதைப் பதிவு செய்கிறது. பேஸ்புக்கில் அது ஒப்புதல் வாக்குமூலமாக ஓடுகிறது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் வந்தது: அது மாக்கட்டி. நிரந்தர மலடாக்கும் அப்படியொரு மாத்திரை மருத்துவ உலகத்திலேயே இல்லை. ஆனால் அறிக்கை வருவதற்குள் வதந்தி மலைநாடு போய்ச் சேர்ந்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகன எரிந்தது, அவசரகாலச் சட்டம் வந்தது.

பேர்ன்ஸ்டைன் அழைப்பெடுத்த வழக்கறிஞரும் அம்பாறைக் கடைக்காரரும் ஒரே நிலையில் நின்றவர்கள். கேட்டவர் ஒன்றைக் கேட்டார். கேட்கப்பட்டவர் வேறொன்றை விளங்கினார். அங்கே ஒரு பத்திரிகை தலைகுனிந்தது. இங்கே ஓர் ஊர் எரிந்தது.

கைத்தொலைபேசியும் பேஸ்புக்கும் செய்த கேடு அது, பத்திரிகை அப்படிச் செய்யாது என்று ஆறுதல் கொள்ள முடியுமா? 2019 மே 23. ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம். ‘திவயின’ என்ற சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிசேரியன் செய்யும்போது 4,000 சிங்கள பௌத்த தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று செய்தி வந்தது. மருத்துவரின் பெயர் இல்லை. அடுத்த நாள் குருநாகல் போதனா வைத்தியசாலை மருத்துவர் ஷாஃபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார்.

புலனாய்வு நிருபர் ஒருவர் அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்டிருப்பார்? சிசேரியன் நடக்கும் அறையில் மருத்துவர் தனியாகவா நிற்கிறார்? மயக்கமருந்து கொடுப்பவர் எங்கே, தாதியர் எங்கே? 4,000 தடவை யாருக்கும் கண் தெரியாமல் போனதா? அந்தத் தாய்மாரில் பிறகு பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர்? 4,000 என்ற எண்ணை முதலில் சொன்னது யார்? வைத்தியசாலைப் பதிவேட்டில் ஒரு நாள், தாதியர் விடுதியில் ஒரு நாள், இரண்டு மருத்துவர்களிடம் ஒரு நாள். மூன்று நாள் நடை. காங்கிரஸ் நூலகத்தில் சீட்டுப் புரட்டியதைவிடக் குறைந்த வேலை. அந்த மூன்று நாள் நடக்கப்படவில்லை.

நடந்தவர்கள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர். தாதியரிடமும் மருத்துவர்களிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று 2019 ஜூனில் நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான பெண்கள், தங்கள் உடலுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று நம்பி, முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் பயமும் அந்தச் செய்தியின் கணக்கில் சேரவேண்டிய பயம்தான். ஜூலை 25 இல் மருத்துவர் பிணையில் வெளியே வந்தார். மீண்டும் சேவைக்கு எடுக்கப்பட இன்னும் வருடங்கள் சென்றன.

2022 இல் அவருடைய நிலுவைச் சம்பளம் கணக்குப் பார்க்கப்பட்டது. 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. நாடு பொருளாதாரத்தில் விழுந்து, வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்துபோயிருந்த காலம் அது. அந்தப் பணம் முழுவதையும் அவர் சுகாதார அமைச்சிடம் திருப்பிக் கொடுத்தார், அத்தியாவசிய மருந்து வாங்குவதற்காக.